தோழனைத் தாங்கிய ஓட்டம்



உரையின் பொருள் ஓட்டம் என்று அழைப்பிதழில் கண்டவர்கள், விழா மேடைக்கும் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ணியிருக்கக்கூடும். தமக்காக ஓடி ஓடிப் பொருள் ஈட்டுவோரை எவ்வூரிலும் காணலாம். பிறருக்காக ஓடி, அந்த ஓட்டத்தாலேயே பெரும்பொருள் திரட்டித் தந்த ஒருவரையும், யார் பொருட்டு அவர் ஓடினாரோ அந்த நண்பரையும் பற்றியது இவ்வுரை. இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் லீட்ஸ் என்னும் நகரை நடுவாகக் கொண்டு அண்மைக் காலத்தில் நிகழ்ந்த வரலாறு இது.

முதலில் மாரத்தான் என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அது ஏதென்சு நகருக்கு அருகிலுள்ள ஒரு சமவெளியின் பெயர். அச்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் பெருஞ்சீரகச் செடி என்று பொருள். தமிழர் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் அதற்குச் சோம்பு என்று பெயர். சோம்பலுக்குச் சிறிதும் இடங்கொடாத ஓட்டத்துக்குச் சோம்பின் பெயர் வாய்த்ததை மொழிகள் தமக்குள் ஆடிய விளையாட்டு என்றே கொள்ள வேண்டும்.

கி.மு. 490இல் அச்சமவெளியில் ஏதென்சு வீரர்கள் பாரசீகப் படையை வென்றதும், ஒரு தூதன் வெற்றிச் செய்தியோடு நகருக்கு ஓடிவந்து, அதைச் சொல்லி முடித்தவுடன் உயிர்துறந்ததும் பள்ளிப் பாடங்களில் அனைவரும் படித்த கதை. ஆயினும் அப்போருக்கு நெருங்கிய காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் எரடோட்டசு அதைக் கூறவில்லை. அவர் கூறுவது வேறு. போருக்கு முன்னர் அத்தூதன் ஏதென்சிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவு, படையுதவி வேண்டி ஓடினான். ஸ்பார்ட்டர் உதவ இசைந்தனர். ஆனால் முழுநிலவு வரும்வரை புறப்படுதல் தம் சமய வழக்கத்துக்கு ஆகாது என்றனர். அவர்கள் வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. வெற்றி கூறி வீழ்ந்த கதை பிற்காலத்தார் சொன்னது. மூலத்தில் இருப்பது உதவி கேட்டு ஓடிய ஓட்டமே. அந்த வகையில், நோயுற்றோர்க்காக இன்று ஓடுவோர் பழைய தூதனுக்கு மிக அண்மையில் நிற்கின்றனர்.

இன்றைய மாரத்தானின் தொலைவு 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தொலைவே பின்னர் 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அந்நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான் 1981 மார்ச் 29 அன்று தொடங்கியது. மழை பெய்த அந்த முதல் ஆண்டில் முன்னணியில் ஓடிய அமெரிக்கரும் நார்வே நாட்டவரும் ஒருவரையொருவர் முந்த முயலாமல், கைகோத்தபடியே எல்லைக்கோட்டைக் கடந்தனர். அந்நிகழ்ச்சி இவ்வுரையின் பிற்பகுதியில் வரவிருக்கும் ஒன்றுக்கு முன்னோடி போலத் தோன்றுகிறது.

அந்த ஓட்டம் இன்று உலகின் மிகப்பெரிய ஒருநாள் அறநிதித் திரட்டல்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. முறை எளியது. அறநிறுவனம் ஓட்டத்தில் சில இடங்களை விலைக்குப் பெறும். ஓட விரும்புவோர் இவ்வளவு தொகை திரட்டித் தருவதாக வாக்களித்து அவ்விடத்தை ஏற்பர். பின்னர் உற்றார், அயலார், அலுவலகத் தோழர் ஆகியோரிடம் கேட்டுத் திரட்டுவர். கொடுப்பவர் வருமானவரி செலுத்துபவராயின், அவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்சு வீதம் அரசும் சேர்த்துத் தரும். ஒரு பவுண்டு என்பது 100 பென்சு. இந்தியப் பணத்தில் நூறு ரூபாய்க்கும் மேல்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கொடுக்க மனமுள்ளவர் கொடுத்துவிட்டுப் போகலாமே. நடுவில் ஒருவர் உடலை வருத்தி ஓடுவது எதற்கு? ஓடினால்தான் நோயாளிக்கு உதவுவேன் என்பது எவ்வகை ஈகை? இக்கேள்வியை எள்ளல் என்று ஒதுக்க இயலாது. தம் ஊர்சுற்றும் ஆசைக்கு அறத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு, மலையேறப் போகிறேன், பாலைவனம் கடக்கப் போகிறேன் என்று பிறரிடம் பணம் கேட்போரும் உளர். திரட்டியதில் பாதி அவர்தம் பயணச் செலவுக்கே போகுமாயின், கொடுத்தவர் மனம் கசப்பது இயல்பே. ஆகவே இக்கேள்விக்கு விடை தேடுவது முறை. அதற்கு முதலில் நோயை அறிதல் வேண்டும்.

அரிய என்னும் அடைமொழி தமிழில் பெரும்பாலும் பெருமைக்குரியவற்றுக்கே வரும். அரிய நூல், அரிய மனிதர், அரிய வாய்ப்பு என்போம். நோய்க்கு அதைச் சேர்த்து அரிய நோய் என்னும்போது நாக்கு சற்றே தயங்குகிறது. ஆயினும் மருத்துவத் தமிழில் அச்சொல் நிலைபெற்றுவிட்டது. ஐரோப்பாவில், இரண்டாயிரம் பேருள் ஒருவர்க்கும் குறைவாகக் காணப்படும் நோயை அரிய நோய் என்று வரையறுக்கின்றனர். இயக்க நரம்பணு நோய் அவற்றுள் ஒன்று. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு ஆணை கொண்டு செல்லும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிவதே அந்நோய். தசைக்கு ஆணை வருவது நிற்கிறது. ஆணை வராத தசை மெலிகிறது. கை தளரும், கால் தளரும், நாவு குழறும், விழுங்குதல் கடினமாகும், இறுதியில் மூச்சுத் தசைகளும் ஓயும். இவ்வளவும் நிகழும்போது காதும் கண்ணும் தொடுவுணர்வும் பெரும்பாலும் முன்போலவே இருக்கும். பலருக்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். தன் உடல் தன்னை விட்டு ஒவ்வோர் அறையாகக் காலி செய்வதை விழித்திருந்து காண்பவர் நிலை அது.

பிரித்தானியாவில் எந்த நேரத்திலும் இந்நோயுடன் வாழ்வோர் ஏறத்தாழ 5,000 பேர். ஆறரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் இது சிறு எண்ணே. ஆனால் இந்தச் சிறுமைக்குள் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. அந்நாட்டில் பிறக்கும் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு முந்நூறில் ஒன்று என்று கணக்கிட்டுள்ளனர். முந்நூறில் ஒருவர் என்பது ஒரு நடுத்தரத் திருமண மண்டபத்தில் ஒருவர். அவ்வளவு பேருக்கு வரக்கூடிய நோய் ஏன் அரிய நோய் ஆயிற்று? நோயுற்றோர் நெடுநாள் இருப்பதில்லை. கண்டறியப்பட்டவருள் மூன்றில் ஒரு பங்கினர் ஓராண்டுக்குள்ளும், பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டுக்குள்ளும் இறக்கின்றனர். நாள்தோறும் ஆறு பேர் புதிதாக வருகின்றனர். ஆறு பேர் போய்விடுகின்றனர். குளத்தில் நீர் குறைவாக இருப்பதைக் கண்டு வரத்துக் குறைவு என்று எண்ணுவோர் மடை திறந்திருப்பதைக் காண்பதில்லை. இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 21 வயதில் நோய் கண்டறியப்பட்டு 76 வயது வரை வாழ்ந்தார். அவர் மிக மிக விலக்கானவர்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் உள்ளனர். அவர்கள் மேடையேறுகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், அமைச்சரைச் சந்திக்கிறார்கள். இயக்க நரம்பணு நோயில் மீண்டவர் என்று எவரும் இல்லை. தம் நோய்க்காக வாதாடக் கற்றுக்கொள்ளும் காலத்துக்குள் அவர்தம் குரல் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு ஆளும் போய்விடுகிறார். மனுக் கொடுத்தவரே இல்லாத மனுவாக அது மேசையில் கிடக்கும். ஆகவே நோயில்லாத ஒருவர் அந்த மனுவைத் தம் மனுவாக எடுத்துக்கொண்டாலன்றி வழியில்லை. ஓட்டம் எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ராப் பர்ரோ 1982இல் யார்க்சயர் மாவட்டத்தின் பான்டிபிராக்ட் ஊரில் பிறந்தவர். ரக்பி லீக் ஆட்டக்காரர். அணிக்குப் பதின்மூவர் ஆடும் ஆட்டம் அது. பந்தைச் சுமந்து ஓடுபவரை எதிரணியினர் மடக்கிப் பிடித்துச் சாய்க்கும் அழகில் சிறிது கபடியின் சாயல் உண்டு. இந்த ஆட்டம் பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1895இல் வட இங்கிலாந்தின் மன்றங்கள் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் ஆட்டக்காரர் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுசெய்யலாமா, கூடாதா என்பதே பிரிவுக்குக் காரணமான வழக்கு. உழைப்பவன் உடலுக்கு விலை உண்டு என்று வாதிட்ட மக்களின் ஆட்டம் அது.

அந்த ஆட்டத்துக்குரிய உடற்கட்டு பர்ரோவுக்கு இல்லை. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். உச்சநிலைப் போட்டிகளில் ஆடியவருள் மிகச் சிறியவர் என்றே அவர் பெயர் பெற்றார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆடவரிடையே புகுந்து வெளிவருவது அவர் கலை. 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் என்னும் ஒரே அணிக்கு ஆடினார். எட்டு முறை வாகையர் இறுதிப் போட்டியில் வென்றார். அவர் அணிந்த சட்டையின் எண் 7. அதே அணியின் தலைவராக நெடுங்காலம் விளங்கியவர் கெவின் சின்ஃபீல்டு, ஓல்டாம் ஊரினர், பர்ரோவைவிட இரண்டாண்டு மூத்தவர். இருவரும் இளமையிலிருந்தே ஒரே மன்றத்தில் வளர்ந்தவர்கள். 1972க்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாகை சூடாதிருந்த லீட்ஸ், 2004இல் இவர்கள் ஆடிய அணியால் அதை மீட்டது.

ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டுகளில், 2019 டிசம்பரில், பர்ரோவுக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. வயது 37. பேச்சு குழறத் தொடங்கியதே மருத்துவரிடம் செல்லக் காரணம். மனைவி லிண்ட்சி இயன்முறை மருத்துவர். சிறு குழந்தைகள் மூவர். 2020 சனவரியில் எடிங்லி மைதானத்தில் அவருக்காக ஒரு சிறப்பாட்டம் நடந்தது. மைதானம் நிரம்பி வழிந்தது. கடைசி ஐந்து நிமிடம் பர்ரோ களமிறங்கினார். அதன்பின் அவர் ஆடவில்லை.

சின்ஃபீல்டு மருத்துவர் அல்லர், ஆராய்ச்சியாளர் அல்லர், செல்வந்தருமல்லர். நண்பரின் நரம்பணுக்களைப் பொறுத்தவரை அவரால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அவரிடம் இருந்தது பயிற்சிபெற்ற உடல் ஒன்றே. அதையே கொடுப்பது என்று முடிவு செய்தார். 2020 டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஏழாம் நாள் வரை, நாளொன்றுக்கு ஒன்றாக ஏழு முழு மாரத்தான்கள். ஒவ்வொன்றையும் நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பது குறி. ஏழு என்பது பர்ரோவின் சட்டை எண். திரட்ட நினைத்த தொகையும் 77,777 பவுண்டு.

இந்த வேலையின் கடுமையை ஓடிப் பழகாதவர் உணர்வது அரிது. தசையிலும் கல்லீரலிலும் உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகும். ஓடுவோர் அதைச் சுவரில் மோதுதல் என்பர். அதற்குமேல் பன்னிரண்டு கிலோமீட்டர் மீதம் இருக்கும். முடித்தபின் தொடைத்தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும், படியிறங்குவதே துன்பமாகும். வழக்கமாக ஒரு மாரத்தானுக்குப் பின் வாரக்கணக்கில் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். சின்ஃபீல்டு மறுநாள் காலை மீண்டும் புறப்பட்டார். ஏழு நாளில் 295 கிலோமீட்டர். ஒருவர் உடலில் தசை கதறுகிறது, நரம்பு ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. மற்றவர் உடலில் தசை காத்திருக்கிறது, ஆணை வரவில்லை. ஒரே அணியில் ஆடிய இரண்டு உடல்கள் அந்த வாரத்தில் இவ்வாறு இருந்தன.

கொள்ளைநோய்க் காலமாதலால் மக்கள் கூடிநின்று வரவேற்க வழியில்லை. ஆயினும் தொலைக்காட்சி அவரை நாள்தோறும் காட்டியது. வீடுகளில் அடைந்துகிடந்த மக்கள், பேட்டிகளில் தம்மைப் பற்றிப் பேச மறுத்து நண்பரைப் பற்றியே பேசிய அந்த மனிதரைக் கண்டனர். நினைத்த தொகை போல் இருபது மடங்குக்கு மேல், இருபது இலட்சம் பவுண்டையும் தாண்டி வந்து சேர்ந்தது. கொடுத்தவருள் பெரும்பாலோர் அதுவரை அந்நோயின் பெயரைக் கேட்டறியாதவர் என்று கொள்வதில் தவறில்லை.

பின் வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 2021 நவம்பரில் லெஸ்டர் நகரிலிருந்து லீட்ஸ் வரை 101 மைல், அதாவது ஏறத்தாழ 162 கிலோமீட்டர், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள். அதே மாதத்தில் இந்நோய் ஆராய்ச்சிக்கு ஐந்து கோடி பவுண்டு தருவதாகப் பிரித்தானிய அரசு அறிவித்தது. நோயாளிகளும் மருத்துவர்களும் அறநிறுவனங்களும் கூடி நெடுநாள் கேட்டு வந்த தொகை அது. ஓட்டமே அதைப் பெற்றுத் தந்தது என்று கூறுவது மிகை. ஓட்டம் இன்றி அவ்வளவு விரைவில் வந்திருக்கும் என்று கூறுவதும் கடினம்.

2022 நவம்பரில் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர் வரை ஏழு நாள், நாள்தோறும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். அந்த ஓட்டம் ஸ்காட்லாந்தின் மர்ரிபீல்டு மைதானத்தில் தொடங்கியதற்குப் பொருள் உண்டு. அந்நாட்டுக்கு ஆடிய டாடி வியர் என்னும் ஆறடி ஆறு அங்குல உயர வீரரும் இதே நோயுற்றவர். தம் பெயரில் அறநிறுவனம் தொடங்கி ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டியவர். சின்ஃபீல்டு உலகக்கோப்பை இறுதியாட்டத்தின் இடைவேளையில் மான்செஸ்டர் மைதானத்துக்குள் ஓடிவந்தது நவம்பர் 19. வியர் இறந்தது நவம்பர் 26. வயது 52.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று பர்ரோ குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உறங்குமுன் கதை ஒன்றைப் படித்தார். அப்போது அவருக்குப் பேச்சு முற்றிலும் போயிருந்தது. கண்ணின் அசைவை உணரும் கணினியின் திரையில் ஒவ்வொரு சொல்லாகப் பார்வையால் தேர்வார். கணினி அதை ஒலிக்கும். அந்த ஒலி எந்திரத்தின் பொதுக்குரல் அன்று. முன்னர்ப் பதிவான அவர் பேச்சுகளைக் கொண்டு அமைத்த, யார்க்சயர் வட்டாரச் சாயல் மாறாத அவர் குரலே. நகைச்சுவைக்கும் குறைவில்லை. விரைந்து ஓடுவதற்குப் பெயர்பெற்றவர், ஒரு விடை சொல்வதற்கும் மற்றவரைக் காத்திருக்க வைக்கும் நிலைக்கு வந்தபின்னும், நண்பர்களைக் கேலி செய்வதை விடவில்லை.

இனி 2023 மே 14. லீட்ஸ் நகரில் இருபதாண்டுகளுக்குப் பின் மாரத்தான் நடந்தது. பர்ரோவின் பெயரிலேயே நடந்தது. எடிங்லி மைதானமே தொடக்கமும் முடிவும். அந்நகரின் சாலைகள் ஏற்ற இறக்கம் மிக்கவை. ஓட்டத்துக்கென அமைத்த சக்கர நாற்காலியில் பர்ரோவை இருத்தி, சின்ஃபீல்டு அதைத் தள்ளியவாறே 42 கிலோமீட்டரும் ஓடினார். லிண்ட்சியும் அன்று ஓடினார். அவரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் செல்லுதல் தகாது. பகலில் மருத்துவமனையில் பிற நோயாளிகளின் கைகால்களைப் பயிற்றுவித்துவிட்டு, வீடு திரும்பிக் கணவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, மூன்று குழந்தைகளையும் பார்த்துக்கொண்டவர் அவர். ஏழு நாள் ஓட்டத்துக்குக் கேமராக்கள் வரும். நான்கரை ஆண்டுப் பணிவிடைக்கு எவ்வூரிலும் அவ்வளவு கேமராக்கள் வருவதில்லை. அவர் எப்போது பயிற்சி செய்தாரோ, ஓட்டத்தை முழுமையாக முடித்தார்.

நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியபின் எல்லைக்கோட்டுக்குச் சில அடி முன்னர் சின்ஃபீல்டு நாற்காலியை நிறுத்தினார். குனிந்து நண்பரை இரு கைகளாலும் அள்ளித் தூக்கினார். கன்னத்தில் முத்தமிட்டார். அவரை ஏந்தியவாறே கோட்டைக் கடந்தார். ஒருவர் முந்த மற்றவர் பிந்த இடமின்றி இருவரும் ஒருங்கே கடந்தனர். அந்நிழற்படம் உலகெங்கும் சென்றது. வாகை சூடிய காலத்தில் எத்தனையோ கோப்பைகளைத் தூக்கிய கைகள் அவை.

நோயாளியைக் காட்சிப்பொருள் ஆக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே. பரிதாபத்தை விற்றுப் பணமாக்குவோர் எங்கும் உளர். ஆனால் இங்கே முடிவு பர்ரோவுடையது. நோயை மறைத்து வீட்டுக்குள் இருப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தவர் அவர். தளர்ந்த உடலையும் குழறிய பேச்சையும் ஊரறியக் காட்டினார். தம் வரலாற்றை 2021இல் நூலாகவும் எழுதினார். காட்டியவரும் அவர், கதைக்கு உரியவரும் அவர். சுமந்தவர் அவருக்குப் பின்னே நின்றார். இந்த வரிசை மாறாதவரை அது பரிதாப வாணிகம் ஆகாது.

திரண்ட பொருள் எங்குச் சென்றது என்பதையும் கூற வேண்டும். நோயாளிகளின் அன்றாடத் தேவைக்கும், ஆராய்ச்சிக்கும், லீட்ஸ் நகரில் ஒரு தனி மருத்துவ நிலையம் எழுப்பவும் என்று பிரிந்தது. ஆராய்ச்சியின் வேகம் பற்றி ஒரு சான்று போதும். இந்நோய் பரம்பரையாக வரும் குடும்பங்கள் சிலவற்றில் காணப்படும் ஒரு மரபணுப் பிழையை 1993இல் கண்டறிந்தனர். அப்பிழையுடையோர்க்கென ஒரு மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2023இல். நடுவே முப்பதாண்டுகள். லீட்சுக்கு அண்மையிலுள்ள செபீல்டு பல்கலைக்கழகத்தினரும் அம்மருந்தின் சோதனையில் பங்கேற்றனர். அது உதவுவது நோயாளிகளுள் நூற்றுக்கு இருவர் அளவுக்கே. எஞ்சியோர்க்கு 1990களில் வந்த, ஆயுளைச் சில மாதங்களே நீட்டிக்கும் பழைய மருந்துதான் பெரும்பாலும் துணை. ஒருமுறை உணர்ச்சிவயப்பட்டுக் கொடுக்கும் கொடை இத்தகைய வேலைக்குப் போதாது. 2014இல் தலையில் பனிநீர் ஊற்றிக்கொள்ளும் விளையாட்டு இதே நோயின் பொருட்டு உலகெங்கும் பரவி, அமெரிக்க அறநிறுவனம் ஒன்றுக்கு மட்டும் பதினொரு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அந்தப் பணம் நற்பயன் தந்தது உண்மை. ஆனால் ஊற்றிக்கொண்டவருள் எத்தனை பேர் அடுத்த கோடையில் நோயின் பெயரை நினைவில் வைத்திருந்தனர்? சின்ஃபீல்டு அடுத்த ஆண்டும் வந்தார். அதற்கடுத்த ஆண்டும் வந்தார். திரண்ட தொகை ஒரு கோடி பவுண்டைக் கடந்தது.

தனி நிலையம் என்பது பர்ரோவின் விருப்பம். நோயாளிகள் பேச்சுக்கு ஓரிடம், மூச்சுக்கு ஓரிடம், உணவுக்கு ஓரிடம் என்று பெரிய மருத்துவமனையின் நெடிய நடைவழிகளில் அலையாமல், நடக்க முடியாதவர்க்கென்றே கட்டிய ஒரே கூரையின்கீழ் எல்லாம் பெற வேண்டும் என்பது அவரும் அவர் மருத்துவர் அகம் ஜங் அம்மையாரும் கண்ட கனவு. அதற்கு 68 இலட்சம் பவுண்டு தேவைப்பட்டது. கட்டடத்துக்கு முதல் மண் வெட்டும் நாள் 2024 சூன் 3 என்று குறித்தனர்.

சூன் 2 அன்று ராப் பர்ரோ காலமானார். வயது 41.

விழாவைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது குடும்பத்தாரின் விருப்பம். மறுநாள் லீட்ஸ் நகரின் சீக்ராப்ட் மருத்துவமனை வளாகத்தில் குறித்தபடியே மண் வெட்டப்பட்டது. பர்ரோவின் பெற்றோர் அங்கு வந்திருந்தனர். தம் பெயர் தாங்கிய கட்டடத்தின் ஒரு செங்கல்லையும் அவர் காணவில்லை. அதனுள் மருத்துவம் பெறவிருந்தவர்களுள் ஒருவரையும் அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுள் பலருக்குத் தமக்கு அந்நோய் வரப்போகிறது என்பதே அன்று தெரியாது. நிலையம் 2025இல் திறக்கப்பட்டது.

நண்பர் போனபின் ஓட்டமும் நின்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். 2024 டிசம்பர் முதல் நாள் சின்ஃபீல்டு மீண்டும் புறப்பட்டார். ஏழு நாள், நாளுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வயது 44. அவர் ஓட்டங்களில் இப்போது நாள்தோறும் ஒரு மைல் தனியே ஒதுக்கப்படுகிறது. அதற்குக் கூடுதல் மைல் என்று பெயர். நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் ஊர்மக்களும் அந்த ஒரு மைலில் அவருடன் சேர்ந்து வருவர். விரைந்து ஓட அங்கு எவரும் முயல்வதில்லை.